வரப்பில் பழகிய கால் 12,000 அடி ஏறுவதற்கு: டெல்டாக்காரர்களுக்கு ஓர் இமயமலை வழிகாட்டி

கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை பேருந்தில் போனால், வழியில் ஏற்றம் என்று இருப்பது ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தான். தஞ்சாவூரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர்தான். பெரிய கோயில் விமானத்தின் 216 அடிதான் நமக்கு உயரத்துக்கு அளவுகோல். இந்தத் தரையில் வளர்ந்தவர்கள் இமயமலையில் 12,000 அடி, 14,000 அடி ஏற முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

மலையேற இரண்டு தயாரிப்பு தேவை. ஒன்று, காலுக்கும் மூச்சுக்கும் பலம். அதை மூன்று மாதத்தில் உள்ளூரிலேயே தேடிக்கொள்ளலாம். மற்றது, காற்றழுத்தம் குறைந்த இடத்துக்கு உடம்பு பழகுவது. அது இங்கே எவ்வளவு ஓடினாலும் வராது. மலையில் தங்கும் நாட்கள்தான் அதைக் கொடுக்கும். கையில் 5,000 ரூபாய் மிச்சம் இருந்தால் விலையுயர்ந்த ஜாக்கெட்டுக்குப் போடாமல், வழியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதற்குப் போடுங்கள்.

காரணம் எளிது. மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 3,500 மீட்டரில் ஒரு மூச்சுக்கு நம்மூரில் கிடைப்பதில் சுமார் 65 சதவீத ஆக்சிஜன் கிடைக்கும், 5,500 மீட்டரில் பாதி. உடம்பு உடனே மூச்சையும் நாடித்துடிப்பையும் கூட்டிச் சமாளிக்கும். ரத்தத்தின் அமில-காரச் சமநிலையைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும், சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பயிற்சியால் இந்த வேலைகளை அவசரப்படுத்த முடியாது. உயரத்துக்கு உடம்பு பழகாததால் தலைவலி, குமட்டல் என்று தொடங்குவதுதான் மலை நோய். தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிற இளைஞருக்கும் அது வரும். கால் பலம் இருப்பதால் வேகமாக ஏறிவிடுவார், அதனால் சில சமயம் அவருக்குத்தான் முதலில் வரும்.

முதல் படி: எங்கே, எப்போது

டெல்டாவில் விடுப்பை அலுவலகம் மட்டும் முடிவு செய்வதில்லை, வயலும் முடிவு செய்யும். சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி வசதியானது. குறுவை இல்லாத குடும்பத்துக்குச் சித்திரை, வைகாசியும் கிடைக்கும். இதை வைத்துக்கொண்டு பாதையைத் தேடுங்கள்.

முதல் ட்ரெக்கிங்குக்கு 3,500 முதல் 3,900 மீட்டர் வரை உச்சம் உள்ள பாதை போதும். இரண்டைச் சொல்லலாம். உத்தராகண்டில் கேதார்காந்தா, உச்சி சுமார் 3,810 மீட்டர். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை போகலாம், பெரும்பகுதிக் காலம் பனி இருக்கும். டேராடூனிலிருந்து சாங்க்ரி என்ற ஊருக்கு 200 கிலோமீட்டர்போல் மலைச்சாலை, ஒரு முழுப் பகல் பயணம். சாங்க்ரி 1,950 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து படிப்படியாக முகாம் உயர்வதால் புதியவருக்கு ஏற்றது. இன்னொன்று மேற்கு வங்கத்தில் நேபாள எல்லையை ஒட்டிய சந்தக்பூ, 3,636 மீட்டர். கூடாரம் இல்லாமல் வழிநெடுக லாட்ஜிலேயே தங்கலாம், உயரம் மெதுவாகக் கூடும், வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரியும். மார்ச் முதல் மே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். கூடாரத்தில் படுக்க யோசிப்பவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் சந்தக்பூவிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதல் முறையே 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வேண்டாம். முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது. 3,800 மீட்டரில் அதைத் தெரிந்துகொண்டு அடுத்த ஆண்டு போகலாம்.

ஏஜென்சியிடம் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது நான்கே கேள்வி. ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தூங்குகிறோம்? ஓய்வு நாள் அல்லது உபரி நாள் உண்டா? ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருமா, வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா? ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் அவரோடு இறங்குவது யார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

இரண்டாம் படி: மருத்துவர்

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈசிஜி ஆகியவை அடிப்படை. 40 வயதுக்கு மேல் என்றாலோ குடும்பத்தில் இதய நோய் இருந்தாலோ டிரெட்மில் சோதனை தேவையா என்று அவரிடமே கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவு நம் பெண்களிடம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கிற பொருளே குறைவாக இருந்தால் மேலே போய்த் திணற வேண்டியிருக்கும். அதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும் என்பதால்தான் மூன்று மாதக் கணக்கு.

சர்க்கரைக்காரர்கள் போகக்கூடாது என்றில்லை. இன்சுலின் உறைந்தால் பயன்படாது. அதையும் குளுக்கோமீட்டரையும் பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரையும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கும், இதயம், நுரையீரல் கோளாறு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது வேண்டாம்.

அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி, கடைப் பெயர் டயமாக்ஸ், மருத்துவரிடம் பேசுங்கள். தடுப்புக்காகப் பொதுவாகக் கொடுப்பது 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, அதிக உயரத்தை அடைந்து இரண்டு நாள் வரை. நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 250 மில்லிகிராம் மாத்திரை, அதில் பாதி. சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா சப்பென்று இருக்கும். இவை வழக்கமான பக்கவிளைவுகள், பயம் வேண்டாம். மாத்திரையை வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மலையில் கண்டுபிடிக்கக் கூடாது. மாத்திரை போட்டுவிட்டோம், இனி வேகமாக ஏறலாம் என்ற எண்ணமும் தப்பு. அது உடம்பு பழகுவதற்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: 12 வாரப் பயிற்சி

இதில்தான் டெல்டாவின் குறை தெரியும், கொஞ்சம் யோசித்தால் தீர்வும் இங்கேயே இருக்கிறது.

சேற்றில் நாற்று நட்டு, வரப்பில் நடந்து வளர்ந்த காலுக்குக் கெண்டைச் சதையும் சமநிலையும் நன்றாக இருக்கும். இல்லாதது, தொடர்ந்து நாலு மணி நேரம் மேல்நோக்கி ஏறி, பிறகு மூன்று மணி நேரம் இறங்கும் பழக்கம். முழங்கால் வலிப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தொடையின் முன்சதை ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அது களைத்ததும் பாரம் முழுக்க மூட்டில் இறங்கும்.

முதல் நான்கு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், 5 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் நடங்கள். வெயிலுக்கு முன், காலை ஐந்து மணிக்கு. ஐந்தாம் வாரத்திலிருந்து அதை மெல்லோட்டமாக்கி, பதினோராம் வாரத்துக்குள் 35 நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 40-ல் நின்றாலும் கேதார்காந்தாவுக்கு மோசமில்லை. கூடவே வாரம் மூன்று நாள் 15 வீதம் மூன்று சுற்று உட்கார்ந்து எழுந்திருங்கள். அரையடி உயர வாசற்படியில் ஒரு காலில் நின்று மறுகாலை மெதுவாகத் தரைக்கு இறக்கும் பயிற்சி பக்கத்துக்கு 15. இந்தக் கடைசிப் பயிற்சியை யாரும் செய்வதில்லை, இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான்.

ஏறிப் பழக எங்கே போவது? சுவாமிமலையின் 60 படி போதாது. திருச்சி மலைக்கோட்டையில் நானூற்றுக்கும் மேல் படி, மூன்று முறை ஏறி இறங்கினால் நல்ல பயிற்சி. குளித்தலை பக்கம் அய்யர்மலை 1,017 படி, இன்னும் நல்லது. ஆனால் இரண்டும் கோயில், செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஷூ பழக்குவதற்கும் சுமையோடு நடப்பதற்கும் அவை உதவாது. அதற்குக் கொள்ளிடக் கரை இருக்கிறது. கரையின் சரிவில் சாய்வாக ஏறி, மறுபக்கம் இறங்கி, 40 நிமிடம் விடாமல் செய்யுங்கள். தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆற்று மணலில் நடப்பது பனியில் நடப்பதற்கு நெருங்கிய பயிற்சி. வைத்த கால் புதையும், கணுக்கால் ஒவ்வொரு முறையும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். தண்ணீர் வரும் காலத்தில் மட்டும் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். ரயில்வே மேம்பாலம், நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு எல்லாமே கணக்குதான்.

சுமைக்குப் பையில் தண்ணீர் பாட்டில்களை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வாரம் 4 கிலோ, ஒன்பதாம் வாரம் 8 கிலோ. உச்சிக்குப் போனதும் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் மூட்டுக்கு இதம். அரிசி மூட்டையில் அந்த வசதி கிடையாது.

ஒன்பது, பத்து, பதினொன்றாம் வாரங்களில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 12 முதல் 15 கிலோமீட்டர் நடங்கள். ஒரு நாள் நடப்பது பெரிதில்லை. முந்தின நாள் வலியோடு மறுநாளும் எழுந்து நடப்பதுதான் ட்ரெக்கிங். ஒரு வாரக்கடைசி கொல்லிமலைக்குப் போய் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஏறிவிட்டு வரலாம். தமிழ்நாட்டுக் காடுகளில் நடக்க வேண்டுமானால் வனத்துறை 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிந்துகொண்டு போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்ததை மறந்துவிட்டு, அனுமதியில்லாத தடத்தில் இறங்கக் கூடாது. பன்னிரண்டாம் வாரம் ஓய்வு, லேசான நடை மட்டும்.

நான்காம் படி: ஷூவும் துணியும்

ஷூவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் முறை போகிறவர்களின் கஷ்டத்தில் பெரும்பகுதி அங்கேதான்.

சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் நடந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக, விரல்கள் விரிந்து இருக்கும். கடையில் நீளம் சரியாக இருந்தாலும் அகலத்தில் இறுக்கும். மாலையில் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நின்ற கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். தடித்த சாக்ஸ் போட்டு, காலை முன்னுக்குத் தள்ளி நின்று, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லையென்றால் அரை அளவு பெரிது எடுங்கள். இடமில்லாத ஷூவில் இறங்கும்போது கட்டைவிரல் நகம் ஒவ்வொரு அடியிலும் முன்பக்கத்தில் இடித்து, சாயங்காலத்துக்குள் நீலம் பாய்ந்துவிடும். இறக்கத்துக்கு முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டி, பாதம் முன்னுக்குச் சரியாமல் செய்ய வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் நகம் வெட்டிவிடுங்கள்.

புது ஷூவில் குறைந்தது 80 கிலோமீட்டராவது இங்கே நடந்துவிட்டுப் போங்கள். எங்கே உராய்கிறது என்று தெரிந்துவிடும், அந்த இடத்தில் மலையில் சூடு பரவும்போதே, கொப்புளம் வருவதற்கு முன்பே, பிளாஸ்டர் ஒட்டிவிடலாம்.

யாரோ வைத்திருந்த பழைய ஷூவை இரவல் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல ஷூக்களின் நடுப்பகுதி பாலியூரித்தேன். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் நாலைந்து வருடம் பீரோவுக்குள் கிடந்தால், மேலே புதுசு போலவே இருக்கும், உள்ளே பொடிந்துபோயிருக்கும். மலையில் இரண்டாம் நாள் அடிப்பாகம் அப்படியே கழன்று வரும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். விரிசல் கோடுகள் தெரிந்தாலோ மாவுபோல் உதிர்ந்தாலோ தொடவேண்டாம்.

துணியில் ஒரே விதி, பருத்தி கூடாது. நம்மூர் புழுக்கத்துக்குப் பருத்தியைப்போல் ஒன்று கிடையாது, ஆனால் அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற்றம் முடிந்து காற்றில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் முதுகில் ஒட்டிய ஈரப் பனியன் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். மார்கழியில்கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் பார்க்காத உடம்பு அதைத் தாங்கப் பல அடுக்கு வேண்டும். பாலியஸ்டர் அல்லது கம்பளியில் உள்ளாடை அடுக்கு, அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணியில் ஒரு சட்டை, உட்கார்ந்திருக்கும்போது போட டவுன் (பறவை இறகு அடைத்த) ஜாக்கெட் அல்லது பஞ்சடைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத மேலாடை. நடக்கும்போது லேசாகக் குளிர்வதுபோல் இருந்தால் சரியான அளவில் உடுத்தியிருக்கிறீர்கள். நிற்கும்போது ஜாக்கெட், நடக்கத் தொடங்கும் முன் கழற்றல். சோம்பல்பட்டு போட்டபடியே ஏறினால் வியர்வை.

நாலு ஜோடி சாக்ஸ், தூங்க மட்டும் ஒரு கம்பளி ஜோடி. உள்கையுறை ஒன்று, நனையாத வெளிக்கையுறை ஒன்று. குரங்குக் குல்லாய். யூவி தடுக்கும் கருப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும், சில மணி நேரத்தில் கண்ணில் மணல் அள்ளிப்போட்டதுபோல் எரிந்து பார்வை மங்கிவிடும். தலைவிளக்கு, இரண்டு கைத்தடி. டவுன் ஜாக்கெட், கைத்தடி, ஷூவில் மாட்டும் முள்சங்கிலி இவற்றைச் சாங்க்ரியிலும் மணாலியிலும் வாடகைக்கே எடுக்கலாம். ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். பைக்குள் எல்லாவற்றையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள், பையின் மழை உறையை மட்டும் நம்ப முடியாது. தேங்காய் எண்ணெய் எடுத்துப் போகிறவர்கள் வாய் அகன்ற டப்பாவில் எடுங்கள், 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், குப்பியிலிருந்து வராது.

ஐந்தாம் படி: போய்ச் சேருவது

டெல்டாவிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி, அங்கிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள், பிறகு டேராடூன், பிறகு மலைச்சாலை. தூக்கம் கெட்டு, வளைவில் வாந்தியெடுத்து, தண்ணீர் குடிக்காமல் போய் இறங்கி, மறுநாள் காலை ஏறத் தொடங்குவது நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு. அந்தக் களைப்பின் தலைவலியும் மலை நோயின் தலைவலியும் ஒன்றுபோலவே இருக்கும், வழிகாட்டியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடிவாரத்தில் ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள்.

விமானத்தில் லடாக்கின் லே நகருக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. சென்னையில் கடல்மட்டத்தில் காலை, லேயில் 3,500 மீட்டரில் மதியம். இறங்கியதும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். முதல் 48 மணி நேரம் அறையில் ஓய்வு, மெதுவான நடை, வேறெதுவும் வேண்டாம். கர்துங்லா கணவாயை மூன்றாம் நாளுக்குப் பிறகு பார்க்கலாம்.

ஆறாம் படி: நடையும் சாப்பாடும்

சாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் மல்லாரி வாசிக்கும்போது சீர்பாதம் தாங்கிகள் நடக்கிற நடையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடைதான் மலைக்கு. அவசரம் இல்லை, நிற்பதும் இல்லை. கூட வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் குறையுங்கள். பத்து நிமிடம் விறுவிறுவென்று ஏறி ஐந்து நிமிடம் பாறையில் சாய்கிறவர், நிற்காமல் ஊர்ந்து போகிறவரைவிடப் பிந்தித்தான் முகாமுக்கு வருவார், களைத்தும் வருவார். செங்குத்தான இடத்தில் பின்காலை முழங்கால் நேராக நிற்கும்படி நீட்டி, எடையை எலும்பில் இறக்கி, ஒரு மூச்சு விட்டுப் பிறகு அடுத்த அடி. கைத்தடியை முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரத்தில் வையுங்கள், ஏறும்போது சற்றுக் குட்டை, இறங்கும்போது சற்று நீளம்.

நாளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, அதனால் மணிக்கணக்கு வைத்துக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அதற்கு மேல் வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் உடம்பில் உப்பு குறைந்து வேறு தொல்லை வரும், நாளுக்கு ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள்.

4,000 மீட்டரில் தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, சோறும் நடுவில் அரிசியாகவே நிற்கும். முகாமில் பெரும்பாலும் சப்பாத்தி, பருப்பு, கிச்சடி. தயிர்சாதத்தை எதிர்பார்க்க வேண்டாம். உயரத்தில் பசி குறையும், நெய்யும் எண்ணெயும் செரிக்காமல் வயிற்றிலேயே நிற்கும், மாவுச்சத்துதான் எளிதில் செரிக்கும். வீட்டிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், சுக்குக் காப்பிப் பொடி எடுத்துப் போங்கள். வாய்க்குப் பழகிய ருசி இருந்தால் பசியில்லாத நேரத்திலும் நாலு வாய் இறங்கும். பொரிவிளங்காய் உருண்டை மட்டும் வேண்டாம், குளிரில் இன்னும் கல்லாகிப் பல்லைப் பதம் பார்த்துவிடும். மதுவும் தூக்க மாத்திரையும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும், மலையில் இருக்கும்வரை தொடக் கூடாது.

இரவில் பக்கத்தில் படுத்திருப்பவர் சில நொடி மூச்சே விடாமல் கிடந்து, பிறகு பெரிதாக இழுத்து விடுவார். உயரத்தில் இது நிறையப் பேருக்கு வரும், பகலில் அவர் நன்றாக இருந்தால் கலவரப்பட வேண்டாம். போன், பவர் பேங்க், மறுநாள் போடும் சாக்ஸ் எல்லாவற்றையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும். மாதவிடாய் உயரத்தில் முன்பின்னாக வரலாம், தேதி இல்லையென்றாலும் நாப்கின் எடுத்துப் போங்கள். பயன்படுத்தியதை மூடும் பையில் போட்டுக் கீழே கொண்டு வந்துவிட வேண்டும், பனியில் புதைத்தால் அப்படியே கிடக்கும்.

ஏழாம் படி: மலை நோயைக் கண்டுபிடிப்பது

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் வந்த தலைவலி எதுவானாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை அது மலை நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, கிறுகிறுப்பு இருந்தால் சந்தேகமே இல்லை. அன்று மேலே ஏறக் கூடாது. அதே உயரத்தில் ஓய்வு, தண்ணீர், தலைவலிக்குப் பாராசிட்டமால். 24 மணி நேரத்தில் பெரும்பாலும் தணியும். தணிந்தால் ஏறலாம். தணியாவிட்டாலோ கூடினாலோ இறங்க வேண்டும்.

தடுக்கும் விதி: 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, கணக்கு தூங்கும் இடத்துக்குத்தான்.

ஆளைக் கொல்லும் வடிவங்கள் இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், பிறகு இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும், உதடும் நகமும் நீலமாகும். உயரத்துக்குப் போன இரண்டாம், மூன்றாம் இரவில் வருவது வழக்கம். ஜலதோஷம் என்று நினைத்துவிடுவார்கள். மற்றது மூளை வீக்கம். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார், எதிலும் ஈடுபாடு இல்லாமல் மூலையில் கிடப்பார்.

மூளை வீக்கத்தைக் கண்டுபிடிக்க நம்மூர்க்காரர்களுக்குச் சுலபமான சோதனை இருக்கிறது. ஒரு குதிகாலை மறுகாலின் கட்டைவிரலில் ஒட்டி வைத்து, குறுகலான வரப்பில் நடப்பதுபோல் பத்தடி நேராக நடக்கச் சொல்லுங்கள். திரும்பி வரச் சொல்லுங்கள். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடிப் பழகியவர் சமதரையில் தள்ளாடினால், பக்கவாட்டில் கால் வைத்துச் சமாளித்தால், அது களைப்பு அல்ல. உடனே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இரவானாலும் விளக்கோடு இறக்க வேண்டும். குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000 மீட்டர். தனியாக அனுப்பக் கூடாது. ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் மருந்துகள் எல்லாம் வழிகாட்டியும் மருத்துவரும் இறங்குவதற்கு உதவியாகத் தருவது. அவற்றைக் கொடுத்துவிட்டு அங்கேயே வைத்திருப்பது வைத்தியம் ஆகாது.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். 3,500 மீட்டரில் 85 முதல் 92 சதவீதம் வரை காட்டுவது சகஜம். கை குளிர்ந்திருந்தாலோ மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தாலோ தப்பாகவும் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். எண்ணைவிட, நேற்றிலிருந்து இன்றைக்கு எவ்வளவு மாறியது என்பதும் மற்றவர்களைவிட எவ்வளவு குறைவு என்பதும்தான் முக்கியம்.

இவ்வளவு தெரிந்தும் ஆள் இறப்பது எப்படி என்றால், பெரும்பாலும் சொல்லாமல் மறைப்பதால். தன்னால் குழுவே இறங்க வேண்டிவருமே என்ற தயக்கம், பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணம், கேலி செய்வார்களோ என்ற கூச்சம். கும்பகோணத்திலிருந்தே குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தினமும் சாயங்காலம் ஒவ்வொருவரும் தலைவலி, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், யாரும் சிரிக்கக் கூடாது.

யாத்திரை போகிறவர்களுக்கு

டெல்டாவிலிருந்து மேலே போகிறவர்களில் ட்ரெக்கிங்காரர்களைவிட யாத்திரிகர்கள் அதிகம். சீர்காழிச் சம்பந்தர் பாடிய திருக்கேதாரம், திருவாலி-திருநகரித் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், அப்பர் தேடிப்போன கயிலை. திருவையாற்றில் ஆடி அமாவாசையன்று கயிலைக் காட்சி இன்றும் நடக்கிறது. அந்தப் பக்தியோடு போகிற 65 வயது அம்மா, அப்பாவுக்குத்தான் இந்த வழிகாட்டி ட்ரெக்கிங்காரரைவிட அதிகம் தேவை, ஏனென்றால் அவர்களை நடக்க விடாமல் வாகனம் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

கேதார்நாத் 3,583 மீட்டர். ஹெலிகாப்டரில் சில நிமிடம். இறங்கியதும் தரிசனம் முடித்து அன்றே கீழே வந்துவிட்டால் ஆபத்து குறைவு, மேலே இரவு தங்குவதென்றால் முந்தைய இரவை குப்தகாசிப் பக்கமே நிற்காமல் இன்னும் சற்று உயரத்தில் கழியுங்கள். நடந்து போகிறவர்கள் கௌரிகுண்டிலிருந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறுகிறார்கள், அதை வழியில் ஓரிரவு தங்கி இரண்டாகப் பிரிப்பதே நல்லது. சாளக்கிராமம் என்று சொல்லப்படும் நேபாள முக்திநாத்துக்குப் பொக்ராவிலிருந்து விமானம் 20 நிமிடத்தில் 2,700 மீட்டரில் ஜோம்சோமில் இறக்கிவிடும், ஜீப் அன்றைக்கே 3,700 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். ஜோம்சோமில் ஓரிரவு தங்கிவிட்டு மறுநாள் போங்கள். கோயிலில் விழும் 108 தாரையிலும் நனைவது நேர்ச்சையாக இருந்தால் உடனே துடைத்து உலர்துணி மாற்ற ஆள் கூடவே நிற்க வேண்டும். கயிலையைச் சுற்றி வரும் பரிக்கிரமத்தில் டோல்மாலா கணவாய் 5,630 மீட்டர். அதற்கு இந்தக் கட்டுரையின் பயிற்சி முழுவதும் வேண்டும், மானசரோவர்க் கரையில் கூடுதல் நாளும் வேண்டும். பெரியவர்கள் வெறும் வயிற்றோடு விரதமிருந்து ஏறுவதைத் தடுத்துவிடுங்கள், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதையும்.

திரும்பி வந்த பிறகு

இறங்கியதும் தலைவலி போய்விடும், ஒன்றிரண்டு நாள் காலில் வலி இருக்கும். இருமலோ மூச்சுத்திணறலோ ஊருக்கு வந்தும் தொடர்ந்தால் மருத்துவரிடம் எந்த உயரத்தில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஸ்லீப்பிங் பேக்கையும் டவுன் ஜாக்கெட்டையும் நிழலில் உலர்த்தி, அமுக்கி மடிக்காமல் தளர்வான துணிப் பையில் தொங்கவிடுங்கள். ஷூவின் உள்ளட்டையை உருவித் தனியாகக் காயவைத்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, காற்றோட்டமான அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறையாவது எடுத்துப் போட்டுக் கொள்ளிடக் கரையில் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கிற ஷூ சும்மா கிடக்கிற ஷூவைவிட நீண்ட நாள் உழைக்கும்.